ஹால்ஸ்டட் தெருவில் சுழன்ற தக்ளி

பிழைக்க வந்த நாட்டின் மொழியைப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. புதிதாகச் சேரும் ஆசிரியர்களிடம், பாடப்புத்தகத்தைத் தொடும் முன்பே, சிகாகோவின் ஹல் ஹவுஸைப் பற்றிச் சொல்லிவிடுவேன்.

1889 செப்டம்பரில் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் ஹால்ஸ்டட் தெருவில் அந்த வீட்டைத் திறந்தார்கள். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ரஷ்ய யூதர். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் ஆங்கிலம் படிக்க வந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சீக்கிரம் வந்தது. கூடவே பெற்றோரைப் பற்றிய கூச்சமும் வந்தது. ஆடம்ஸை உறுத்தியது அந்தக் கூச்சம்தான்.

ஒருநாள் ஆடம்ஸ் தெருவில் ஓர் இத்தாலிய மூதாட்டி, நம் தக்ளி போன்ற கதிரில் நூல் நூற்பதைக் கண்டார். அந்தக் காட்சி தந்த யோசனையில் 1900இல் ஹல் ஹவுஸில் தொழில் அருங்காட்சியகம் பிறந்தது. நூற்பதையும் நெய்வதையும் குடியேறியவர்களே செய்து காட்டினார்கள்.

ஆஞ்சலினா என்ற பெண் அங்கே சமையல் வகுப்புக்கு வருவாள். அதே நேரத்தில் அவள் தாய் நூற்றுக்காட்ட வருவாள். தாயின் முக்காடும் முரட்டுப் பூட்ஸும் மகளுக்கு அவமானம். வேறு வாசல் வழியாக நுழைவாள். ஒரு மாலை, கல்வியியல் பள்ளியிலிருந்து வந்தவர்கள் தாயைச் சூழ்ந்து நின்று வியந்ததைப் பார்த்தாள். அமெரிக்காவிலேயே இப்படி நூற்பதில் அம்மாதான் முதலா என்று ஆடம்ஸிடம் கேட்டாள். கட்டிலடிப் பெட்டியில் மறைத்துவைத்த கைநெசவு உடைகள் அதன்பிறகு வெளியே வந்தன. மகளும் தாயின் வாசலுக்கே வந்தாள். ஆடம்ஸ் 1910இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார்.

ஃபோர்டு கம்பெனியும் 1914இல் ஹைலண்ட் பார்க்கில் தன் தொழிலாளர்களுக்கு ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரியில், தங்கள் மரபுப்படி கிறிஸ்துமஸ் கொண்டாட விடுப்பெடுத்த கிரேக்க, ரஷ்யத் தொழிலாளர்கள் எண்ணூறு பேருக்கு மேல் வேலையிழந்தார்கள். அந்தப் பள்ளியின் பட்டமளிப்பு விழா மேடையில் ஒரு ராட்சத அண்டா நிற்கும். படித்து முடித்தவர்கள் சொந்த நாட்டு உடையில் மூட்டையோடு கப்பலிலிருந்து இறங்குவதுபோல் வந்து அதற்குள் இறங்குவார்கள். அமெரிக்கக் கோட்டு போட்டு, கொடியசைத்தபடி வெளியேறுவார்கள்.

அங்கும் ஆங்கிலம் நன்றாகவே கற்றார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அண்டா என்னைக் கோபப்படுத்துகிறது. அதனால்தான் எங்கள் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவரும் தமக்குத் தெரிந்த கைத்தொழிலை வகுப்புக்குச் செய்துகாட்டட்டும். அதற்கு வேண்டிய சொற்களிலிருந்து பாடம் தொடங்கட்டும். முடிந்தால் பிள்ளைகளும் அன்று வந்து உட்காரட்டும்.