செங்காந்தள்: மூலனூர் வேலிக்கொடியின் வரலாறு

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. தாவரவியலில் இது குளோரியோசா சூப்பர்பா. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர். திருப்பூர் மாவட்டத்தில் பின்னலாடை ஆலைகளைத் தாண்டித் தென்கிழக்கே போனால் தாராபுரம், மூலனூர் வட்டாரம் வரும். மழை குறைந்த இந்தச் செம்மண் பூமியில் செங்காந்தள் வேலியில் தானாகப் படரும் கொடியாக இருந்து, பின்னர் பணப்பயிராக மாறியது. 2009இல் திருப்பூர் மாவட்டம் அமையும்வரை தாராபுரம் ஈரோடு மாவட்டத்தில் இருந்ததால், பழைய வேளாண் கட்டுரைகளில் இந்தச் சாகுபடி ஈரோட்டின் பெயரில் காணப்படும்.

வீட்டில் காந்தளை நட்டவர் பற்றிய மிகப் பழைய செய்தி குறுந்தொகையில் இருக்கிறது. கபிலரின் பாட்டு ஒன்றில், தலைவனுடைய மலையில் மாலையில் பெய்த மழை, காலையில் ஒரு காந்தளை வேரோடு அடித்துக்கொண்டு வருகிறது. தலைவி அதை எடுத்துத் தழுவி, வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள். தாய் தடுக்கவில்லை. அதே கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் முதலில் நிற்பதும் செங்காந்தளே.

பிற்காலத் தாய்மார் இவ்வளவு தாராளமாக இல்லை. பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று ஊர்ப்புறங்களில் பிள்ளைகளை விலக்கினார்கள்; கண்வலிப்பூ என்ற பெயர் அப்படி வந்தது. நம்பிக்கைக்குப் பின்னால் நியாயமான அச்சம் ஒன்று இருந்தது. செடி முழுவதும் நஞ்சு. வேறு கிழங்கென்று எண்ணி அவித்துத் தின்று இறந்தவர்கள் பற்றி இலங்கை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சித்த மருத்துவமும் இதைச் சுத்தி செய்த பிறகே கையாளும்.

வீட்டு முற்றத்தில் விலக்கப்பட்ட கொடி கடல் கடந்து போனது. கொச்சியிலிருந்த டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் இது மேந்தோன்னி என்ற மலையாளப் பெயருடன் இடம்பெற்றது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பியத் தோட்டங்களை எட்டி, குளிருக்குப் பயந்து கண்ணாடி வீடுகளில் வளர்க்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலும் இது இயற்கையாக வளர்கிறது. ஜிம்பாப்வேயின் தேசிய மலர் இதுவே. 1947இல் இளவரசி எலிசபெத்தின் 21ஆம் பிறந்தநாளுக்கு அன்றைய தெற்கு ரொடீசியா அளித்த வைர அணி இந்தப் பூவின் வடிவில் செய்யப்பட்டது.

பூ அழகுக்காகப் போயிற்று. கிழங்கையும் விதையையும் தேட வைத்தது கொல்ச்சிசின் என்ற வேதிப்பொருள். ஐரோப்பாவின் கொல்ச்சிக்கம் செடியிலிருந்து 1820இல் பிரிக்கப்பட்ட இது, கீல்வாதத்தின் ஒரு வகையான கவுட் நோய்க்கு மருந்து. செங்காந்தளிலும் அதே பொருள் இருப்பதை 1915இல் ஆங்கில வேதியியலாளர்கள் காட்டினார்கள். 1937இல் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கக் கொல்ச்சிசின் பயன்படும் என்று தெரிந்தபின், பயிர் ஆய்வுக்கூடங்களும் அதைக் கேட்டன. தமிழ்நாட்டில் காட்டிலும் வேலியிலும் கிழங்கு தோண்டுவது தொழிலானது. கிழங்கைத் தோண்டினால் கொடிக்கு அடுத்த ஆண்டு கிடையாது. காட்டுச் செடி அருகியதற்கு இதுவே பெரிய காரணம்.

மூலனூர் வட்டாரத்துக்கு இங்கே ஒரு வசதி இருந்தது. காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை முள்ளால் உயிர்வேலி இடுவது கொங்குநாட்டு வழக்கம். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருளும் செங்காந்தளுக்கு அந்த முள்வேலி நல்ல கொழுகொம்பு. பயிராக்கியபோது உழவர்கள் அதே முறையை வயலுக்குள் கொண்டுவந்தார்கள்: கிளுவைக் குச்சியையும் விராலி மாரையும் நட்டுக் கொடியை ஏற்றினார்கள். விதையில் கொல்ச்சிசின் மிகுதி என்பதால் விதையே விற்பனைப் பொருளானது. கிழங்கு மண்ணிலேயே தங்கி ஆண்டுதோறும் முளைத்தது.

ஆனால் வேலை கடுமை. இந்தப் பூவின் சூல்தண்டு மகரந்தத்தாள்களை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது அரிது. அதனால் காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகச் சென்று மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். பனியன் கம்பெனி வண்டிகள் கிராமத்து ஆட்களை ஏற்றிப் போகும் மாவட்டத்தில் இது எளிய காரியமல்ல. வாங்குவோர் சிலர், விளைவிப்போர் பலர் என்பதால் விதை விலை ஆண்டுக்காண்டு ஏறி இறங்குகிறது; அரசே கொள்முதல் செய்ய வேண்டும் என்பது இப்பகுதி உழவர்களின் நெடுநாள் கோரிக்கை.

ஐரோப்பாவின் ஸ்னோடிராப் என்ற சிறிய வெண்பூவின் கதை இதற்கு நெருக்கமானது. அதுவும் மண்ணுக்குள் உறங்கும் கிழங்கிலிருந்து முளைப்பது, அதுவும் நஞ்சு, அதையும் ஒற்றைப் பூவாக வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு நேரும் என்று இங்கிலாந்துக் கிராமங்களில் நம்பினார்கள். அதிலிருந்து கிடைத்த காலன்டமின் இன்று மறதி நோய்க்கு மருந்து. ஒரு வேறுபாடு, அங்கே பொழுதுபோக்குத் தோட்டக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டு முதலே வகைவகையாகச் சேகரித்து, பெயரிட்டு, கிழங்கைப் பகிர்ந்துகொண்டார்கள். 2015இல் ஒரே ஒரு கிழங்கு 1390 பவுண்டுக்கு விலைபோனது. காட்டுக் கிழங்கு வணிகமும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. செங்காந்தளுக்கு அத்தகைய ஆர்வலர் கூட்டம் தமிழ்நாட்டில் உருவாகவில்லை. இங்கே அதைக் காத்து வருவது பெரும்பாலும் விதைக்காகப் பயிரிடும் உழவர்தான். விலை சரிந்த ஆண்டில் அவர் வயலை உழுதுவிட்டால், கிழங்கைக் கேட்டு வாங்க வேலிக்கு அப்பால் ஆள் இல்லை.

மாடித் தோட்டக்காரர்களிடம் இப்போது சிறிது ஆர்வம் தெரிகிறது. கலப்பை வடிவக் கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். நுனி ஒடிந்தால் கிழங்கு வீண். விதையிலிருந்து வளர்த்தால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். குழந்தைகளும் ஆடுமாடும் எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம். காய் முற்றியபின் தை, மாசியில் கொடி முழுதும் காய்ந்துவிடும். செடி செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடுவோர் பலர். நீர் விடாமல் அப்படியே விட்டால், ஆடி மழைக்கு அது மறுபடி முளைக்கும்.