வீடற்றோர் மருத்துவ, உறைவிட உரிமை இயக்கம் (அமெரிக்கா)

வீடற்ற ஏழைகளுக்கு வைத்திய வசதியும் நிலையான உறைவிடமும் கிடைக்கச் செய்வது தனிமனிதரின் தர்ம சிந்தைக்கு விட்டுவிடத் தக்கதன்று, அரசாங்கத்தின் கடமையே என வாதாடி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970களின் இறுதி முதல் நடந்துவரும் முயற்சி இது. மனநோய் மருத்துவமனைகள் தம் நோயாளிகளை வெளியே அனுப்பியபோது அவர்களை ஊர்தோறும் பராமரிப்பதற்கென வாக்களிக்கப்பட்ட நிலையங்கள் போதிய அளவில் எழாமற்போனதும், தனித்து வாழும் ஏழைகள் சொற்ப வாடகைக்கு ஒண்டியிருந்த ஒற்றை அறை விடுதிகள் பெருநகரங்களில் இடிபட்டதும், 1980களின் தொடக்கத்தில் வீட்டுவசதிக்கான மத்திய அரசின் மானியம் குறைக்கப்பட்டதும் ஒன்றுசேர்ந்து, நடைபாதையில் உறங்குவோரின் தொகையைப் பெருக்கின.

இயக்கத்தின் முதல் வெற்றி நீதிமன்றத்தில் கிட்டியது. எளியோரைப் பராமரித்தல் பொதுப்பொறுப்பு எனக் கூறும் நியூயார்க் மாநில அரசியலமைப்பு விதியை ஆதாரமாகக் கொண்டு ராபர்ட் ஹேய்ஸ் என்னும் இளம் வழக்கறிஞர் 1979இல் தொடுத்த வழக்கின் பயனாக, தங்க இடம் கேட்டு வரும் வீடற்ற ஆடவர்க்கு அதை அளிப்பதாக நகர நிர்வாகம் 1981இல் உடன்பட்டது. வாதிகளில் முதலாமவரான ராபர்ட் கலஹனோ, உடன்பாடு கையெழுத்தாகுமுன்பே தெருவில் இறந்துபோனார். வாஷிங்டனில் வீடற்றோர்க்காகப் போராடிய மிட்ச் ஸ்னைடர், நம் நாட்டார்க்கு நன்கு பழக்கமான உண்ணாவிரதம் என்னும் ஆயுதத்தை 1984இல் 51 நாள் ஏந்தி, ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், அரசுக் கட்டடமொன்றை வீடற்றோர் விடுதியாகச் செப்பனிட ஜனாதிபதி ரீகனின் அரசாங்கத்தை இணங்க வைத்தார்.

வைத்தியத் துறையில், ராபர்ட் உட் ஜான்சன் அறநிறுவனமும் பியூ அறநிறுவனமும் அளித்த பொருளுதவியால் 1985 அளவில் 19 நகரங்களில் வீடற்றோர்க்கான மருத்துவத் திட்டங்கள் தோன்றின. பாஸ்டன் நகரத் திட்டத்தில் சேர்ந்த டாக்டர் ஜிம் ஓ'கானலை, அப்பணியில் பல்லாண்டு பழகிய பார்பரா மெகின்னிஸ் முதலிய செவிலியர், தொடக்கத்தில் ஸ்டெதஸ்கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, வருவோரின் கால்களை நீரில் ஊறவைத்துக் கழுவும்படி பணித்தனர். வைத்தியசாலைகளில் அவமதிப்புற்று, மருத்துவரைக் கண்டாலே விலகிச் சென்றவர்கள், நம்பிக்கை பிறந்த பின்னரே சிகிச்சைக்கு உடன்பட்டனர். ஆயினும் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைத்திருக்க இடமில்லாதவனுக்கு அம்மருந்தைக் கொடுத்தும், காலில் புண்ணுள்ளவனை ஓய்வெடுக்கச் சொல்லித் தெருவுக்கு அனுப்பியும் பயனென்ன? அறுவை சிகிச்சை முடிந்து வெளியேறுவோர் உடல் தேறும்வரை தங்குவதற்கான இல்லங்கள் இவ்வனுபவத்தினின்றே பிறந்தன. உறைவிடமும் சிகிச்சையின் ஒரு பகுதியே என மருத்துவர்கள் சட்டசபைகளில் சாட்சியம் கூறத் தலைப்பட்டதும் இதனாலேயே.

1987இல் ரீகன் கையெழுத்திட்ட மெக்கின்னி சட்டம் இத்தகைய மருத்துவத் திட்டங்களுக்கு மத்திய நிதியை முறையாக வழங்கியது. பிள்ளைகளோ உடற்குறையோ இல்லாத ஏழை முதியோரல்லாதார்க்குப் பெரும்பாலும் மூடியிருந்த, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிக்கெய்டின் வாயிலும், அதன் விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்களில் 2014 முதல் திறந்தது.

குடியும் போதையும் விட்டொழித்தவர்க்கே வீடு என்னும் பழைய முறையை மாற்றி, நிபந்தனையின்றி முதலில் வீடளித்துப் பிறகு சிகிச்சைக்கு அழைக்கும் முறையை, உளவியலறிஞர் சாம் செம்பெரிஸ் 1992இல் நியூயார்க்கில் தொடங்கினார். கனடாவில் 2009 முதல் ஐந்து நகரங்களில், ஏறக்குறைய இரண்டாயிரம் பேரைக் கொண்டு இது பரீட்சிக்கப்பட்டது. வீடு பெற்றோரில் பெரும்பாலோர் அதில் நிலைத்திருந்தனர் என்பது ஐயத்திற்கிடமின்றி வெளிப்பட்டது. போதைப் பழக்கமும் மனநோயும் தணிந்ததில் மட்டும், வழக்கமான உதவி பெற்ற ஏனையோர்க்கும் அவர்கட்கும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. எதிர்ப்பாளர் இதனையே பெரிதாகக் காட்டுவர்; வீட்டிடம் வீட்டின் பயனுக்கு மேற்பட்டதை எதிர்பார்ப்பது நியாயமான அளவுகோலன்று.

ஆயினும், பொதுவிடத்தில் உறங்குவோரைத் தண்டிக்கும் நகரச் சட்டங்கள், கொடுந்தண்டனையைத் தடுக்கும் அரசியலமைப்பு விதிக்கு முரணல்ல என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024இல் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் வாடகை உதவியோ, தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே கிடைத்து வருகிறது.