நல்ல பாம்பும் விரியனும்

சிறுமலை அடிவாரத்தில், காந்திகிராமத்து வீட்டில் ‘ஜூடோபியா 2’ ஓடிக்கொண்டிருந்தது. நீல நிறப் பாம்பு கேரி திரையில் நெளிந்ததும் என் மகன் கேட்டான்: “அப்பத்தா, இது நல்ல பாம்பா, கெட்ட பாம்பா?” அம்மா உற்றுப் பார்த்தார். “நல்ல பாம்புன்னா படம் எடுக்குமேடா. இது விரியன்.”

அம்மா சொன்னது சரி. 2025-இல் வந்த அந்த டிஸ்னி படத்தில் கேரி ஒரு குழிவிரியன். கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவிலுள்ள குழியால் இரையின் உடற்சூட்டை உணரும் இனம். முழுப்பெயர் கேரி டி ஸ்நேக். அந்த ‘டி’, பிரெஞ்சுப் பிரபுக்களின் பெயரில் வருவதுபோல மிடுக்காக நிற்கிறது; வேகமாகச் சொன்னால் வெறும் ‘தி ஸ்நேக்’. சிரிப்பு அதோடு சரி. அந்தக் குடும்பப் பெயர்மேல் ஒரு பழி கிடக்கிறது. அதைத் துடைக்கத்தான் கேரி நகரத்துக்குள் நுழைகிறான்.

‘விரியன்’ என்பதில் ‘விரி’ என்னும் வினையடி தெரிகிறது. கருப்பன், வேலன் போல ‘அன்’ விகுதியும் இருக்கிறது. ஆங்கில ‘வைப்பர்’ இலத்தீன் ‘விபெரா’விலிருந்து வந்தது. உயிரோடு ஈனுவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நம் கண்ணாடி விரியனும் முட்டையிடாது, குட்டிதான் போடும். இலத்தீன்காரருக்கு அது தாய்; நமக்கோ பிள்ளை பெற்றாலும் ‘விரியன்’. முட்டையிடும் கட்டுவிரியன் விரியனே அல்ல. நல்ல பாம்பின் பங்காளி.

அந்த நல்ல பாம்புக்கு ‘நல்ல’ எப்படி ஒட்டியது? அதன் குணத்தால் அல்ல, நம் பயத்தாலும் பக்தியாலும். கும்பிட்டுப் பேர் வைத்துவிட்டோம். கொம்பேறி மூக்கனுக்கோ அந்தக் கொடுப்பினை இல்லை. நஞ்சில்லாத, பல்லியும் தவளையும் தின்கிற மரப்பாம்பு அது. கடித்துவிட்டு மரமேறி, பிணம் எரியும் புகையைப் பார்த்த பிறகே இறங்கும் என்று கதை கட்டினோம். கொம்பில் ஏறுவதும் மூக்கும் மட்டுமே பெயரில் இருக்கின்றன. சுடுகாட்டை நாம் சேர்த்தோம்.

படம் முடிந்தது. பழி தீர்ந்த மகிழ்ச்சியில் மகன் மறுபடி கேட்டான்: “அப்ப இது நல்ல விரியன்தானே, அப்பத்தா?”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “அப்படி ஒரு பேரு இல்லையேடா.”