கொடி இறக்கும் நேரம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மகளின் நச்சரிப்பு தாங்காமல் அனஹைம் டிஸ்னிலேண்டுக்குப் போயிருந்தோம். டிக்கெட் விலையைப் பற்றிப் பேசினால் பாங்குக்காரன் புத்தி என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் வாசலை ஒட்டிய சதுக்கத்தில் பாண்டு வாத்தியம் கேட்டது. கொடி இறக்குகிறார்கள். தினமும் நடப்பதாம். கூட்டத்தில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தால் கம்பத்தருகே வரச் சொன்னார்கள். தரைப்படை, கடற்படை என்று ஒவ்வொன்றுக்கும் உரிய பாட்டை வாசிக்க, மிக்கி மவுஸ் காது வைத்த தொப்பியோடு ஒரு தாத்தா தடி ஊன்றி மெல்லப் போய் நின்றார். பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப். கொடியை முக்கோணமாக மடித்து எடுத்துப் போனார்கள். அவ்வளவுதான், மறுபடி இரைச்சல்.

"நம்ம ஊர் பார்க்குல யாரைப்பா கூப்பிடுவாங்க?" என்றாள் மகள்.

நம்ம ஊர் பார்க் என்றால் அவளுக்கு மலம்புழைதான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் ஒரே வயது. டிஸ்னிலேண்டு திறந்தது 1955 ஜூலை 17. மலம்புழை அணையைச் சென்னை மாகாண முதல்வர் காமராஜர் திறந்து வைத்தது அதே வருஷம் அக்டோபர் 9. மலபார் அப்போது சென்னையோடு இருந்தது. எங்கள் கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவோ பழைய கொச்சி ராஜாவின் சீமை, அன்றைக்குத் திருவிதாங்கூர்-கொச்சி. ஆக, எங்க அப்பாரு காமராஜரைப் பார்க்க மாட்டு வண்டியில் வேறு மாநிலத்துக்குப் போய் வந்திருக்கிறார்! 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்த பிறகுதான் எல்லாம் ஒன்றானது.

அந்த அணைக்குப் பக்கத்திலேயே, அகத்தேத்தறையில் இருக்கிறது சபரி ஆசிரமம். டி.ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் 1920களில் தொடங்கியது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டுப் படிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். வக்கீல், கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். அக்ரஹாரம் அவரை ஒதுக்கி வைத்தது. காந்தி அந்த ஆசிரமத்துக்கு வந்திருக்கிறார். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்துக்கு கோழிக்கோட்டிலிருந்து கேளப்பன் ஓர் அணியோடு நடந்தார் என்பது கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். கடலே இல்லாத பாலக்காட்டிலிருந்து இன்னோர் அணி பையனூருக்கு நடந்தது. அதை நடத்திப் போனவர் இவர்தான். மலபாரின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை, நல்ல சித்திரை வெயிலில்!

நான் சித்தூர் கல்லூரியில் பி.காம். முடிக்கும் வரை இதில் ஒரு வரி எனக்குத் தெரியாது. திருப்பூர் குமரனைத் தெரியும், தமிழ் வாத்தியார் புண்ணியத்தில். 1932 ஜனவரி 10-ல் அடிபட்டு விழுந்தும் கொடியை விடாமல், மறுநாள் உயிரை விட்டவர். அவருக்குக் கொடி கையில் இருந்தது, பெயரிலும் ஒட்டிக்கொண்டது. ஐயர் செய்தது ஒரே பந்தியில் உட்கார வைத்தது. அதற்கு எந்தப் பாட்டை வாசிப்பது? எனக்கென்னவோ இரண்டாவதுதான் கஷ்டமான காரியம் என்று படுகிறது. தடியடி ஒரு நாள். சொந்தத் தெருவே முகத்தைத் திருப்பிக்கொள்வது தினமும்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நம் நாட்டில் சாதாரண ஆள் குறிப்பிட்ட சில நாட்கள் தவிர மற்ற நாட்களில் தேசியக் கொடி ஏற்ற அனுமதி கிடைத்ததே 2002 ஜனவரி 26 முதல்தான். அதற்காக வழக்குப் போட்ட நவீன் ஜிண்டாலுக்கு அமெரிக்காவில் படிக்கும்போதுதான் அந்த ஆசையே வந்ததாம். 2004-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது நம் உரிமை என்றது.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். "சபரி ஆசிரமம் உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாமயா? உன்னைக் கூட்டிட்டுப் போலாம்னுதான் ஒருக்கா ஒலவக்கோட்டுல இறங்கினேன். நீதான் மலம்புழையில யக்ஷி சிலை பாக்கோணும், ஐஸ் வேணும்னு ரோட்டுல உருண்டே. சரி போச்சாதுன்னு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன்."

டிசம்பரில் லீவு போட்டிருக்கிறேன். மகளிடம் ஆசிரமத்துக்கு அப்புறம்தான் ஐஸ் என்று சொல்லியாகிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள்.