பிக்கப் டிரக் பேட்டரி மாற்றம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஈய-அமில பேட்டரியை 1859இல் பிரான்சைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். 1912ஆம் ஆண்டு மாதிரி காடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. அதற்குமுன் எஞ்சினைக் கையால் சுழற்றும்போது கைப்பிடி எதிர்த்து உதைத்துப் பலரது கை முறிந்ததுண்டு. ஸ்டார்ட்டர் வந்தபின், எஞ்சினைச் சுழற்றப் பெரும் மின்னோட்டம் தருவதே பேட்டரியின் முதன்மைப் பணியாயிற்று.

அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பில் 1955 மாதிரி வரை 6 வோல்ட் பேட்டரி இருந்தது; அதன் நேர்முனை வண்டியின் சட்டத்துடன் இணைக்கப்பட்டது. 1956 மாதிரியில் 12 வோல்ட் வந்தது; எதிர்முனை சட்டத்துடன் இணைந்தது. எனவே பழைய வண்டிக்குப் பேட்டரி வாங்குவோர் வோல்ட் அளவையும், சட்டத்துடன் இணைந்த முனையையும் முதலில் அறிய வேண்டும்.

'எதிர்முனையை முதலில் கழற்றுக' என்பது இன்றைய வண்டிகளுக்கான விதி. சட்டத்துடன் இணைந்த முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுவதே அதன் அடிப்படை. மாறாகச் செய்தால், மற்ற முனையைத் திருகும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படலாம். அந்தத் தீப்பொறியில் பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் வெடிக்கவும் கூடும்.