தீவுகளில் இருந்து வரும் எக்ஸ்ட்ரீம் மெட்டல்: எந்த ஆல்பம் கேட்கலாம்? அந்தமானுக்கு இதில் என்ன இருக்கு?

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 4 லட்சத்துக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 3,80,581. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனால் பிளாக் மெட்டல் கேட்பவர்களிடம் ஐஸ்லாந்து என்று சொன்னால், அடுத்த நிமிடமே நாலு பேண்ட் பெயர் சொல்வார்கள். பெரிய நகரங்களுக்குத் தள்ளி, கடலுக்கு நடுவே இருக்கும் இடங்களில் இருந்து இந்த இசை எப்படி உலகம் முழுக்கப் போகிறது? அந்தமானில் இருந்து கேட்பவருக்கும், அங்கே ஒரு பேண்ட் தொடங்க நினைப்பவருக்கும் இதில் என்ன பாடம்?

எக்ஸ்ட்ரீம் மெட்டல்னா என்ன?

ஹெவி மெட்டலின் வேகம், கனம், இருள் மூன்றையும் எல்லை வரை தள்ளிக்கொண்டு போனால் கிடைப்பதுதான் இது. டெத் மெட்டல், பிளாக் மெட்டல், கிரைண்ட்கோர், டூம் எல்லாம் இதன் கிளைகள். 1982-ல் வந்த இங்கிலாந்து பேண்ட் வெனமின் 'பிளாக் மெட்டல்', 1987-ல் வந்த அமெரிக்க பேண்ட் டெத்தின் 'ஸ்க்ரீம் ப்ளடி கோர்' ஆகியவை தொடக்க கால ஆல்பங்கள்.

"ஏன் இப்படிக் கத்துறாங்க?" என்பது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அது வெறும் கத்தல் இல்லை. குரல் நாணுக்கு மேலே இருக்கும் திசுக்களை அதிரவைத்து, மூச்சைக் கட்டுப்படுத்தி எழுப்பும் ஒலி. முறையான பயிற்சி இல்லாமல் முயன்றால் தொண்டை புண்ணாகும்.

தீவுகளில் இருந்து வந்த எந்த ஆல்பங்களைக் கேட்கலாம்?

ஹாம்ஃபெர், ஃபாரோ தீவுகள்: வட அட்லாண்டிக்கில் 18 தீவுகள், சுமார் 55,000 பேர். அங்கிருந்து வரும் இந்த டூம் பேண்ட் தங்கள் ஃபாரோ மொழியிலேயே பாடுகிறது. கடலில் தொலைந்தவர்கள் வீட்டார் கண்ணுக்குத் தெரிவார்கள் என்ற ஊர் நம்பிக்கையில் இருந்து வந்ததுதான் பேண்டின் பெயர். 2024-ல் வந்த 'மென் குட்ஸ் ஹோன்ட் எர் ஸ்டெர்க்' ஆல்பம், 1915-ல் சாண்ட்விக் கிராமத்தில் திமிங்கல வேட்டைக்குப் போன 14 பேர் இறந்த விபத்தைச் சொல்கிறது. மெதுவாக நகரும் இசை. புதிதாகக் கேட்பவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

மிஸ்திர்மிங், ஐஸ்லாந்து: 2022 கடைசியில் வந்த 'மெத் ஹாம்ரி'. வேகமான பிளாக் மெட்டல், ஐஸ்லாந்து மொழியில்.

அல்சரேட், நியூசிலாந்து: ஆக்லாந்தைச் சேர்ந்த மூவர். 2024-ல் 'கட்டிங் த த்ரோட் ஆஃப் காட்' வந்தது. சிக்கலான டெத் மெட்டல். ஒரு தடவை கேட்டால் பிடிபடாது, மூணு தடவை கேட்டுப் பாருங்க.

வார்ம்ராட், சிங்கப்பூர்: 2022-ல் வந்த 'ஹிஸ்' ஆல்பத்தில் 21 பாடல்கள். மொத்தமும் அரை மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். கிரைண்ட்கோர்னா அப்படித்தான். 2017-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் சிங்கப்பூர் பேண்ட் இதுதான்.

ருத்ரா, சிங்கப்பூர்: தமிழ் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர். இந்திய வம்சாவளியினர் 1992-ல் தொடங்கியது. பாடுவதும் பேஸ் கிதார் வாசிப்பதும் கதிர். டெத் மெட்டலோடு வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத வரிகளையும் சேர்த்ததால் இவர்கள் பாணிக்கு 'வேதிக் மெட்டல்' என்றே பெயர் வந்தது. 'பிரம்மவித்யா' வரிசையில் 2005, 2009, 2011 என மூன்று ஆல்பங்கள். 2022-ல் 'எயிட் மகாவித்யாஸ்'.

அந்தமானில் இருந்து கேட்பது எப்போது எளிதானது?

2020 ஆகஸ்ட் 10-க்குப் பிறகு. அன்றுதான் சென்னையையும் போர்ட் பிளேரையும் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) இணைக்கும் கடலடி ஆப்டிக்கல் ஃபைபர் கேபிள் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கி.மீ. ஹேவ்லாக் எனும் ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய இடங்களையும் அது தொடுகிறது. அதற்கு முன் பெருநிலத்தோடு இருந்தது செயற்கைக்கோள் இணைப்புதான். வேகம் குறைவு, விலை அதிகம். ஒரு முழு ஆல்பத்தை நல்ல தரத்தில் டவுன்லோட் செய்வதே பெரிய வேலை.

ஸ்ட்ரீமிங்ல கேட்டா பேண்டுக்குக் காசு போகுமா?

சிறிய பேண்ட் என்றால் பெரும்பாலும் போகாது. 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் ராயல்டி தருவதில்லை. அறிமுக பேண்டுகள் பலவற்றுக்கு இந்த எல்லையே பெரிய மலை. அதனால்தான் இந்த வட்டத்தில் பேண்ட்கேம்ப் தளத்துக்கு மதிப்பு. அங்கே டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளம் எடுப்பது 10 முதல் 15 சதவீதம். பேமெண்ட் கட்டணம் போக மிச்சம் பேண்டுக்கு. 2020-ல் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாட்களில் அந்தப் பங்கையும் தளம் விட்டுக்கொடுக்கிறது. பிடித்த பேண்டுக்கு உதவ நினைத்தால் அந்த நாளில் ஒரு ஆல்பமோ டி-ஷர்ட்டோ வாங்கலாம்.

அப்போ அந்தமானில் இருந்து ஒரு பேண்ட் வர முடியுமா?

தூரம் தடை இல்லை என்பதற்கு ஹாம்ஃபெரே சாட்சி. ஜெர்மனியின் வாக்கன் விழா நடத்தும் 'மெட்டல் பேட்டில்' போட்டியில் 2012-ல் ஜெயித்தது அந்த பேண்ட்தான். அதே போட்டிக்கு இந்தியாவிலும் தகுதிச் சுற்று உண்டு. ஷில்லாங்கின் பிளேக் த்ரோட் 2014-ல் அந்த வழியாகத்தான் வாக்கன் மேடை ஏறியது. ஷில்லாங்கும் மும்பையோ பெங்களூரோ இல்லை.

இசை உபகரணம், ஒத்திகைக்கு இடம், பக்கத்து ஊர் மேடை ஆகியவை தீவுகளில் சுலபமில்லை. கப்பலிலோ விமானத்திலோதான் எதுவும் வர வேண்டும். ஆனால் ஃபாரோக்காரர்கள் ஆங்கிலத்துக்கு மாறவில்லை. தங்கள் கடல், தங்கள் சாவு, தங்கள் மொழி என்று பாடித்தான் உலகத்தைக் கேட்கவைத்தார்கள். தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி எல்லாம் பேசப்படும், 2004 டிசம்பர் 26 சுனாமியை நேரில் பார்த்த தீவுகளிலும் சொல்வதற்குக் கதைகள் நிறையவே இருக்கு.