ஹம்மண்ட்-ஹார்வுட் வீடு

ஹம்மண்ட்-ஹார்வுட் வீடு, ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத் தலைநகரான அனாபொலிஸ் நகரில் அமைந்துள்ள, செங்கல்லால் கட்டப்பட்ட வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த வீடு ஆகும். இது ஜோர்ஜியக் கட்டிடக்கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. இப்பெயருக்கும் ஜோர்ஜியா நாட்டுக்கும் தொடர்பு இல்லை. 1714 முதல் 1830 வரை பிரித்தானியாவை அடுத்தடுத்து ஆண்ட ஜோர்ஜ் என்னும் பெயருடைய நான்கு மன்னர்களின் காலத்தையே அது குறிக்கிறது.

வரலாறு

புகையிலைத் தோட்டங்களின் உரிமையாளரான மத்தாயஸ் ஹம்மண்ட் என்பவருக்காக 1774 ஆம் ஆண்டில் இதன் கட்டுமானம் தொடங்கியது. இதனை வடிவமைத்த வில்லியம் பக்லாண்ட், இங்கிலாந்தின் ஆக்சுபோர்டில் பிறந்த தச்சர். 1755 இல், குறிப்பிட்ட ஆண்டுகள் உழைத்துத் தீர்க்கவேண்டிய ஒப்பந்தத் தொழிலாளியாக அவர் வர்ஜீனியாவுக்கு வந்தார். 1774 இல், வீடு முடிவடையும் முன்னரே காலமானார். சார்லசு வில்சன் பீல் 1774 இல் தொடங்கி 1787 இல் முடித்த பக்லாண்டின் உருவப்படத்தில், இவ்வீட்டின் வரைபடம் அவரருகே காட்டப்பட்டுள்ளது.

கட்டிடக்கலை

இத்தாலியக் கட்டிடக்கலைஞர் அந்திரேயா பல்லாடியோ, மொந்தாஞானா நகரில் தாம் கட்டிய பிசானி மாளிகையின் வரைபடத்தை 1570 இல் வெளியான தமது நூலில் சேர்த்திருந்தார். பக்லாண்டின் வடிவமைப்பு அதனை அடிப்படையாகக் கொண்டது. அவ்வரைபடத்தில் இருபுறமும் காணப்படும் பக்கக் கட்டிடங்கள் இத்தாலியில் கட்டப்படவே இல்லை. ஏட்டில் மட்டும் இருந்த அந்த அமைப்பு, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் கடல் கடந்து, சில மாற்றங்களுடன் செங்கல்லில் உருப்பெற்றது எனலாம்.

வீடு ஐந்து பகுதிகளைக் கொண்டது. நடுவில் இரண்டு தளங்களுடைய முதன்மைக் கட்டிடமும், இரு ஓரங்களில் பக்கக் கட்டிடங்களும், இவற்றை இணைக்கும் ஒரு தள இணைப்புப் பகுதிகளும் உள்ளன. பக்கக் கட்டிடங்களின் தெரு முகப்பு, எண்கோணத்தின் பாதியைப் போல் முன்னே நீள்கிறது. ஒன்று அலுவலகத்துக்கும், மற்றது சமையலுக்கும் உரியவை. பயன்பாடு வேறாயினும் தோற்றம் ஒன்றே. சமையற் பகுதியில் உழைத்தவர்கள், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர்.

இடமும் வலமும் ஒத்திருக்கவேண்டும் என்ற விதி, இங்கே வசதியையும் மிஞ்சிவிடுகிறது. உணவுக்கூடத்திலிருந்து தோட்டத்துக்குச் செல்லும் வழி, வெளியிலிருந்து பார்த்தால் மற்றொரு சன்னலாகவே தோன்றும். சன்னலின் கீழுள்ள மரப்பலகை கதவுபோல் திறக்கும்.

அலங்காரம் பெரிதும் இல்லாத செங்கற் சுவரில், மரத்தால் ஆன தலைவாயில் தனித்துத் தெரிகிறது. இருபுறமும் அயோனியத் தூண்கள், கதவின் மேல் விசிறி வடிவச் சன்னல், அதன்மேல் முக்கோண முகடு ஆகியவற்றுடன் மாலை வேலைப்பாடுகளும் செதுக்கப்பட்டுள்ளன. பக்லாண்டின் தச்சுப் பயிற்சி வெளிப்படும் இடம் இதுவே.

பிற்காலம்

பெயரின் மறுபாதிக்குரிய ஹார்வுட் குடும்பத்தின் வில்லியம் ஹார்வுட், பக்லாண்டின் கொள்ளுப்பேரன் ஆவார். அக்குடும்பத்தின் கடைசி உரிமையாளர் 1924 இல் இறந்தார். இவ்வீடு 1960 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தற்போது அருங்காட்சியகமாக உள்ளது.